தவமலரின் களிமண் யானைகள்

ஒரு பொருள் எப்படியெல்லாம் உடையும் என்று முன்கூட்டியே பயப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். புதுச்சேரியில் ஒரு சின்னக் கலைக்கூடத்தில் சிற்பங்களைப் பொதிந்து அனுப்பும் வேலை பார்க்கிறேன். மட்டக்களப்புப் பக்கம் கிரானுக்கு உள்ளே ஒரு கிராமத்தில் தவமலர் என்ற ஓவிய ஆசிரியை களிமண்ணில் விசித்திரமான யானைகள் செய்கிறார், நீயே போய்ப் பொதிந்து கொண்டு வா என்று கலைக்கூடத்தின் உரிமையாளர் சொன்னார். முதலில் விமானத்துக்குப் பயந்தேன். பிறகு, ஜனவரி மழைக்கு. யானைக்குப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பொலன்னறுவை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பஸ் நின்றது. மாலை நான்கு மணி இருக்கும். ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டார். முன்னால் தார்ச்சாலையின் நடுவில் ஒற்றை யானை, யாருக்கோ காத்திருப்பதுபோல் நின்றுகொண்டிருந்தது. நடத்துநர் தணிந்த குரலில் சிங்களத்தில் ஏதோ சொன்னார். என் பக்கத்து இருக்கையில் ஓட்டமாவடிக்காரர் ஒருவர், துணி வியாபாரி, மடியில் ஒரு பெரிய பார்சலோடு இருந்தார். அவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "ஒருத்தரும் ஃபோன வெளியில நீட்டாதீங்க, அது போற நேரத்துக்குப் போகும் எண்டு சொல்றான்."

பஸ் முழுக்க மூச்சுச் சத்தம்தான் கேட்டது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்ததும் அதன் தாய் அதன் வாயைப் பொத்தினாள்.

"உங்கட ஊர்லயும் ஆன இரிக்கிதானே?" என்றார் வியாபாரி, உதடு அசையாமல்.

"கோயில்ல இருக்கு. வாழைப்பழம் கொடுத்தா தலையில தும்பிக்கையை வெச்சு ஆசீர்வாதம் பண்ணும்."

"இஞ்ச பழம் குடுக்காமலே வெக்கும்."

அவர் சிரிக்கவில்லை. யானை நடக்கத் தொடங்கியது. என் பக்கத்து ஜன்னலை ஒட்டியே போனது. கண்ணாடியில் சேறு உரசும் சத்தம் கேட்டது. ஒரு கணம் ஜன்னல் முழுவதும் சாம்பல் நிறத் தோல் மட்டுமே தெரிந்தது. பிறகு வெளிச்சம் வந்தது. பஸ் கிளம்பியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

ஓட்டமாவடியில் இறங்கி, ஒரு சாப்பாட்டுக் கடையில் பால் இல்லாத சாயத் தேத்தண்ணி குடித்து, கொத்து ரொட்டி வந்து, அதில் பாதியைத் தின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது: சிற்பங்களைச் சுற்றுவதற்காகச் சென்னையிலிருந்து சுமந்து வந்த நுரைத்தாள் கட்டு இரண்டும் பஸ்ஸின் மேல்தட்டில் இருந்தன. பஸ் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. இத்தனை வருட வேலையில் நான் எதையும் இப்படி மறந்துவிட்டு இறங்கியதில்லை.

மறுநாள் ஆட்டோ கிரான் தாண்டிக் கொஞ்ச தூரம் போனது. அதற்குமேல் சாலை தண்ணீருக்குள் இறங்கியது. அந்தப் பக்கம் போகிறவர்கள் வள்ளத்துக்கு வரிசையில் நின்றார்கள். மோட்டார் சைக்கிள், ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கு, பிறகு நான். எங்கள் ஊரிலும் மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்கும். ஆனால் காலின் கீழே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும். இங்கே பழுப்பு நிறத் தண்ணீரிலிருந்து மின்கம்பங்கள் பாதி உயரத்துக்கு எட்டிப் பார்த்தன. வள்ளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"முதலை இருக்குமா?" என்று வள்ளக்காரரிடம் கேட்டேன்.

"இரிக்கும். ஆனா இப்ப அதுக்கும் எங்க போறதெண்டு தெரியாது," என்றார் அவர். "ஆடாம இருங்க புள்ள."

அக்கரையில் குடையோடு ஒரு பெண்மணி நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான கை. நகக் கண்ணில் மண். அவர்தான் தவமலர்.

"வெள்ளத்துக்க வந்திட்டீங்களே தங்கச்சி, பெரிய தைரியம்தான்," என்றார். என்னை இப்படி யாரும் பாராட்டியதில்லை.

வீட்டுக்குப் பின்னால் தகரச் சுவர் வைத்த ஒரு கொட்டில். மூலையில் செங்கல்லில் கட்டிய, ஆள் குனிந்து நுழையும் அளவு சூளை. பலகைத் தட்டுகளில் யானைகள் இருந்தன. ஒவ்வொன்றும் முழங்கை நீளம். செம்மண் நிறத்தில், சூளைப் புகை தடவிய கறுப்புத் திட்டுகளோடு இருந்தன. பிளாஸ்டிக் கதிரையில் கால்மேல் கால் போட்டு ஒரு யானை. குடைக்குள் உடம்பு அடங்காமல் தவிக்கும் ஒரு யானை. சின்னக் கண்ணாடி முன்னால் கன்னத்தை உப்பி முகச்சவரம் செய்யும் யானை. பத்திரிகையால் முகத்தை மூடி மதியத் தூக்கம் போடும் யானை. வாளித் தண்ணீரில் சைக்கிள் டியூபை அமிழ்த்தி, குமிழி எங்கே வருகிறது என்று குனிந்து பார்க்கும் யானை. பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்தப் பயணத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான். தவமலரும் கொஞ்சம் சிரித்தார்.

கொட்டிலுக்கு வெளியே, மழையில், ஒரு தட்டோடு இன்னொரு பெண் நின்றிருந்தாள்.

"இவ என்ட மச்சாள், சாந்தி. என்ட புருசன்ட தங்கச்சி. நாங்க ரெண்டு பேரும்தான் இஞ்ச இரிக்கிற," என்றார் தவமலர்.

சாந்தி உள்ளே வரவில்லை. பிட்டும் மீன் குழம்பும் வைத்த தட்டை வாசல் கல்லில் வைத்தாள். "இதுகளப் பாக்கவா கடல் தாண்டி வந்தீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்று பின்னேரம் குசினியில் அவளுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தேன். மழை ஓலைக்கூரையில் விடாமல் பெய்துகொண்டிருந்தது. கேட்காமலேயே சொன்னாள்.

"என்ட அண்ணன ஆன அடிச்சது. மூணு வருசம். காலம்பற வட்டைக்க இருந்து வரக்குள்ள. பனி. எதிர்ல நிண்டது தெரியல்ல போல." அடுப்பை ஊதினாள். "நான்தான் தேத்தண்ணி கொண்டு போனன். நான்தான் கண்டன்."

என் கை நின்றுவிட்டது. அங்கே வட்டை என்றால் ஊருக்கு அப்பால் பரந்து கிடக்கும் வயல்வெளி. கொட்டில் ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும். காலையில் நான் அதைத்தான் அழகு என்று போட்டோ எடுத்திருந்தேன்.

"செத்தவீடு முடிஞ்சு நாப்பது நாளைக்க மச்சாள் களி பிசையத் தொடங்கிட்டா. என்னத்துக்கு? என்ட அண்ணனக் கொண்ட சாமானக் கதிரையில இருத்தி, குடை புடிச்சு வெச்சிரிக்கா. நீங்களும் சிரிச்சீங்க. கேட்டுச்சு."

மறுபடி கொட்டிலுக்குப் போனபோது யானைகள் வேறு மாதிரித் தெரிந்தன. எல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. தவமலரிடம் கேட்கலாமா என்று நினைத்தேன். எப்படிக் கேட்பது? உங்கள் கணவரைக் கொன்ற மிருகத்துக்கு ஏன் முகச்சவரம் செய்கிறீர்கள் என்றா?

அடுத்த நாள் பொதியும் வேலை. ஊர்த் தச்சர் மரப்பெட்டிகள் அடித்துக் கொடுத்திருந்தார். உள்ளே வைக்க ஒன்றும் இல்லை. பழைய துணி, பத்திரிகைத் தாள் எல்லாம் நாலு பெட்டியோடு தீர்ந்துவிட்டன. வீட்டுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் மூடிய வைக்கோல் போர் இருந்தது. சுடுமண் பொதிவதற்கு வைக்கோலைப்போல ஒன்றும் கிடையாது. அள்ளிக்கொண்டு வந்தேன்.

சாந்தி முற்றத்தில் வழிமறித்தாள். "வைக்கல உள்ளுக்க எடுக்காதீங்க புள்ள. அதுல நெல்லு கெடக்கு. மணம் போகும்."

"எங்கே போகும்?"

"போற இடத்துக்குப் போகும். கரண்ட் வேலியும் மழையோட செத்துப்போச்சு."

யானைச் சிற்பங்கள் மேலுள்ள வெறுப்பில்தான் இப்படிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். தவமலரைப் பார்த்தேன். அவர், "ஒரு நாளைக்குத்தானே சாந்தி, நாளைக்கு வள்ளத்துல ஏத்திருவம்," என்றார். சாந்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் பதினைந்து பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றையும் குலுக்கிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. என் வேலையில் எனக்கு ரொம்பத் திருப்தி.

காலையில் விடிந்ததும் மூடி அறைவதற்காகத் தனியாகக் கொட்டிலுக்குப் போனேன். தூறல். தவமலர் கிணற்றடியில் இருந்தார். ஆணியை எடுத்தபோது வெளியே யாரோ நீளமாகப் பெருமூச்சு விட்டது கேட்டது. எருமை என்று நினைத்தேன். அந்தப் பக்கம் எருமைகள் அதிகம், அவற்றின் கட்டித்தயிரைத்தான் முதல் நாள் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தேன்.

தகரச் சுவர் மெதுவாக உள்ளே வளைந்தது. இடிக்கவில்லை. ஒருவர் தோளால் சாய்ந்து நிற்பதுபோல் இருந்தது. பிறகு தகரத்தின் அடியில் ஈரமான ஒன்று நுழைந்து தரையைத் தடவியது. அதன் நுனி ஒரு விரல்போல அசைந்து, நான் கழற்றி வைத்திருந்த செருப்பைத் தொட்டு, மூச்சை இழுத்து, விட்டுவிட்டு, பெட்டிகளின் பக்கம் போனது.

கத்த வேண்டும் என்று தெரிந்தது. குரல் வரவில்லை. வாசல் அதன் பக்கம் இருந்தது. எனக்குப் பின்னால் சூளை மட்டும்தான். தவழ்ந்து அதற்குள் போனேன். சாம்பல், கரி, உடைந்த ஓடு. முழங்காலைக் கட்டிக்கொண்டு, வெளிச்சம் வரும் வாயைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். ஒரு தகரம் பிய்ந்து விழுந்தது. இரண்டு பெரிய கால்கள் உள்ளே வந்தன. நகங்கள் வெள்ளையாக இருந்தன. தவமலர் தன் யானைகளுக்கு வைத்திருந்த நகங்களும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தன என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது, ஏனென்று தெரியவில்லை.

பலகை முறிந்தது. வைக்கோல் இழுபடும் சத்தம், பிறகு மெல்லும் சத்தம். நடுநடுவே சுடுமண் உடைந்தது. எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். தும்பிக்கை ஒடிந்தால் மெல்லிய சத்தம். உடம்பு பிளந்தால் தடித்த சத்தம். எண்ணிக்கொண்டே இருந்தேன். பெட்டிகள் முடிந்தால் அது என்ன தேடும் என்ற நினைப்பு வந்ததும் எண்ணுவதை நிறுத்தினேன். சேலை முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். சாம்பலில் தும்மல் வந்துவிடக் கூடாது.

பிய்ந்த தகரத்தின் வழியாக முற்றம் தெரிந்தது. தவமலர் நின்றிருந்தார். கையில் வாளி. ஓடவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. வாளி கையை விட்டு விழுந்தது. யானை மெல்லுவதை நிறுத்தி, முழு உடம்பையும் அவர் பக்கம் திருப்பியது.

அப்போது சாந்தியின் குரல். "மச்சாள்! குந்துங்க! கீழ குந்துங்க!"

தவமலர் அப்படியே தரையில் சரிந்தார். சாந்தி குசினிப் பக்கமிருந்து வந்தாள், நடந்துதான் வந்தாள். ஒரு கையில் ஆனவெடி. யானைகளை விரட்டுவதற்காக ஊரில் கொடுக்கும் பெரிய பட்டாசு அது. நெருப்புக்குச்சியைக் கிழித்தாள். பற்றவில்லை. இன்னொன்று. அதுவும் அணைந்தது. யானை காதுகளை விரித்தது. மூன்றாவது குச்சியைத் தன் கூந்தலில் துடைத்துக் கிழித்ததைப் பார்த்தேன். திரி பற்றியது. அவள் அதை யானையின் மேல் எறியவில்லை. பக்கத்துச் சேற்றில், யானைக்கும் தவமலருக்கும் நடுவில் எறிந்தாள்.

வெடித்த சத்தத்தில் சூளையின் சாம்பல் முழுக்க என் தலையில் கொட்டியது. கண்ணைத் திறந்தபோது எதிர்ப்பக்கத் தகரமும் இல்லை, யானையும் இல்லை. வாழைகள் ஒவ்வொன்றாகச் சாய்வது தெரிந்தது. அப்புறம் தண்ணீருக்குள் இறங்கும் சத்தம்.

சூளையிலிருந்து என்னை இழுத்தெடுத்தது சாந்திதான். என் முகத்தை, இடுப்பில் சுற்றியிருந்த சீத்தைத் துணியால் துடைத்தாள். "சொன்னன்தானே. சொன்னன்தானே ரெண்டு பேருக்கும்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் வயதில் இப்படி அழுவது வெட்கம்தான், ஆனால் நிற்கவில்லை.

தவமலர் எழுந்து கொட்டிலுக்குள் வந்தார். எட்டுப் பெட்டிகள் போய்விட்டன. யானைகள் வைக்கோலோடு சேற்றில் நொறுங்கிக் கிடந்தன. நான்தான் முதலில் பேசினேன். "என் தப்பு அக்கா. வைக்கோல் என் தப்பு."

"நானும் ஓம் எண்டுதானே சொன்னன்," என்றார்.

என்னை இழுத்தெடுக்க வரும்வரை சாந்தி அந்தக் கொட்டிலுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. இப்போது குனிந்து துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். வைக்கோலை விலக்கினாள். சைக்கிள் டியூப் பார்க்கும் யானை கையில் வந்தது. வாளியின் கைப்பிடி மட்டும் ஒடிந்திருந்தது. அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இது அண்ணன்ட இருப்பு," என்றாள்.

அதன் இடது காலை விரலால் தடவினாள்.

"இந்தக் கால். இடது காலப் புறத்தால விரிச்சு வெச்சுத்தான் குந்துவான். மரத்தால விழுந்த கால்." பக்கத்தில் கிடந்த இன்னொரு உடைசலை எடுத்தாள். முகச்சவரம் செய்யும் யானை, தலை இல்லை. "இதுவும் அவன்தான். கண்ணாடிக்கு முன்னால இப்பிடித்தான் இடுப்புல கை வெச்சு நிப்பான். மச்சாள், இது அண்ணன்!"

தவமலர் சுவரில் சாய்ந்தார். "அவரத்தான் செய்யத் தொடங்கினன். கை வந்திச்சு, கால் வந்திச்சு. முகம் வரல்ல. எத்தின தரம் செஞ்சாலும் நீ வந்து சொன்ன அந்த முகம்தான் எனக்கு வருகுது. என்னால ஏலாமப் போச்சு. தும்பிக்கய வெச்சன்."

"மூணு வருசமா ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?"

"நீ கேக்கல்லயே. ஏசினாய்தானே."

சாந்தி குனிந்துகொண்டாள். டியூப் யானையின் மேலிருந்த சேற்றைச் சீத்தைத் துணியால் துடைத்தாள். முதுகு, காது, பிறகு அந்த விரிந்த கால். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "புள்ள, இது உங்களோட வராது," என்றாள். நான் தலையாட்டினேன். அந்தச் சிற்பத்தைத்தான் கண்காட்சி அழைப்பிதழில் போடுவதாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தவமலரும் சொல்லவில்லை.

மிஞ்சிய ஏழு பெட்டிகளில் வைக்கோல் வைத்திருந்தவற்றை வெளியே கொட்டி, வைக்கோலைக் கொளுத்தி, தவமலரின் பழைய சேலைகளைக் கிழித்து மறுபடி பொதிந்தோம். மூன்று பேரும் சேர்ந்துதான். ஒரு காகம் கத்தினாலும் மூவரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தோம். அன்று நான் சாப்பிடவில்லை. சூளையின் வாயை மட்டும் அடிக்கடி பார்த்துக்கொண்டேன், தேவைப்பட்டால் எத்தனை அடி என்று.

மறுநாள் காலை, உழவு மெசின் என்று அவர்கள் சொல்லும் டிராக்டரில் பெட்டிகளை ஏற்றி வள்ளத்துறைக்குப் போனோம். தவமலர் கிரான் வரை என்னோடு வருவதாகச் சொல்லி வள்ளத்தில் ஏறினார். சாந்தி ஏறவில்லை. வட்டையில் தண்ணீர் வடிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அந்த யானை இன்னும் அதே பக்கம்தான் நிற்கிறது என்று மெசின்காரர் சொல்லியிருந்தார்.

"தனியாவா போறீங்க?" என்று கேட்டேன். "பயமா இல்லையா சாந்தி?"

"பயம்தான்," என்றாள் அவள். "அந்தப் பாதையில போகக்குள்ள ஒவ்வொரு நாளும் எனக்குக் கால் கூசும். என்ன செய்யிற புள்ள, வேளாம நிக்கிதே."

அங்கே வேளாம என்றால் வயலில் நிற்கும் நெற்பயிர். வள்ளக்காரர் கம்பை ஊன்றினார். சாந்தி சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, வரம்பில் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, நடக்க ஆரம்பித்தாள்.